பச்சத்தண்ணி இறங்காத பிள்ளையும் லீலாக்கா கண்ணும்

புதன்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பையனைத் தூக்கிட்டுப் போய் ஒண்ணரை வயசு ஊசி போட்டுட்டு வரணும். வாற வழியில மீன் கொழம்புக்குக் கொஞ்சம் உள்ளி வாங்கணும். வந்து மீன் கழுவணும். அவ்வளவுதான் திட்டம்.

எங்க வீடு ராஜாக்கமங்கலம் பக்கம். ஊசி போடுத சப்சென்டருக்கு நடந்தே போயிரலாம். ஆனா எம்பையன் ஜெஸ்வினைத் தூக்கிட்டு நடந்தா பாதி வழியில இடுப்பு கழண்டுரும். அவ்வளவு கனம்.

இத நான் உங்ககிட்டதான் சொல்லுதேன். ஊர்ல யார்ட்டயும் சொன்னது கெடையாது.

ஏன்னா எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நல்லா சாப்பிடுதுன்னு எந்தத் தாயும் வெளிய சொல்ல மாட்டா. "பிள்ளை திங்குதா?"ன்னு கேட்டா, "எங்கக்கா, ஒண்ணும் திங்காது"ன்னு சொல்லணும். "ஒறங்குதா?"ன்னு கேட்டா, "கண்ணே மூடாது"ன்னு சொல்லணும். பிள்ளை பக்கத்துல கொழுக்கட்ட மாதிரி உருண்டுகிட்டுக் கெடந்தாலும் இதான் பதில். கேக்கவங்களுக்கும் விஷயம் தெரியும், சொல்லுதவங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சிரிக்காம பேசி முடிச்சுட்டுப் போயிருவோம்.

நாங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஆளுங்க. கண்ணு, திருஷ்டி எல்லாம் நம்ப மாட்டோம். நம்பாமலே பயப்படுவோம்!

அண்ணைக்கும் நம்பாமலேதான் அவன் கன்னத்துல ஒரு பொட்டு, நெத்தியில ஒரு பொட்டு, உள்ளங்கால்ல ஒரு பொட்டுன்னு மை வச்சேன். கண்ணுக்கும் நல்லா இழுத்து எழுதுனேன். அழகுக்குத்தான்.

சப்சென்டர் வாசல் கொல்லாமரத்தடியில ஏற்கனவே பொம்பளைங்க பிள்ளைகளோட இருக்காங்க. உள்ள பெஞ்சுல லீலாக்கா. மடியில மக வயித்துப் பேத்தி. காலடியில ஒரு துணிப்பை.

லீலாக்காவ உங்களுக்குத் தெரியாது. தங்கமான மனுஷி. ஒரு வீட்டுல சொகமில்லன்னா கஞ்சிப் பாத்திரத்தோட முதல்ல வந்து நிக்கது அவங்கதான். ஆனா கண்ணு இருக்கே... அதுக்குக் கொஞ்சம் பவர் கூட.

எங்க எதுத்த வீட்டு அண்ணன்கிட்ட ஒரு நாள், "ஏலே, ஒன் வாழை என்னமா கொலை தள்ளியிருக்கு!"ன்னாங்க. காத்தும் இல்ல, மழையும் இல்ல. விடிஞ்சு பாத்தா வாழை தரையில படுத்துக் கெடக்கு. இன்னொருத்தன் புது பைக்கப் பாத்து, "கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு"ன்னாங்க. அவன் வீட்டுக்குத் தள்ளிக்கிட்டுத்தான் போனான்.

அந்த லீலாக்கா பெஞ்சுல ஒதுங்கி எனக்கு எடம் விட்டாங்க. "வா மக்கா, இங்கோட்டு இரி. நீ முதல்ல போ. பிள்ளையத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்திருக்கல்லா."

எனக்குப் பாதி உயிர் அங்கேயே போச்சு.

பழைய சிஸ்டர் ரிட்டயர் ஆயிட்டாங்க. அவங்க எங்க ஊருக்காரங்க. பிள்ளைய ஒரு தூக்குத் தூக்கிப் பாப்பாங்க. நாம என்ன சொல்லுதோமோ அதுக்கு நேர் எதிரா எழுதுவாங்க. கரெக்டா இருக்கும்!

புது சிஸ்டர் பேரு கலைவாணி. ஊரு தர்மபுரிப் பக்கம். என்னைவிடச் சின்னப் பிள்ளை. கையில ஒரு டேப்லெட். அது எங்க சப்சென்டருக்கு வந்த முதல் நாளே அண்ணைக்குத்தான்.

"இதுல கேள்வி வரும்க்கா. நீங்க பதில் சொன்னா நான் தட்டுவேன். கடைசியில என்ன செய்யணும்னு இதுவே சொல்லிடும். பச்சை வந்தா ஊசி போட்டு வீட்டுக்குப் போலாம். மஞ்சள் வந்தா கொஞ்சம் அறிவுரை சொல்லி ஊசி போட்டு அனுப்புவோம். சிவப்பு வந்தா..."

சிவப்பு நமக்கு எதுக்குன்னு நான் காது குடுக்கல்ல.

முதல்ல எடை. சிஸ்டர் அவனை மெஷின்ல உக்கார வச்சாங்க. மெஷின் 'கிரீச்'னுச்சு. நம்பர் வர்றதுக்கு முன்னாலயே நான் சாடிப்போய் லீலாக்காவுக்கும் மெஷினுக்கும் நடுவுல நிண்ணுக்கிட்டேன்.

"தள்ளுங்கக்கா, எனக்கும் தெரியல"ன்னாங்க சிஸ்டர்.

ஒரு வழியா எழுதியாச்சு. அடுத்தது கேள்வி. சிஸ்டருக்கு நல்ல கணீர்க் குரல். வாசல் வரைக்கும் கேக்கும்.

"குழந்தையால சாப்பிட, தண்ணி குடிக்க முடியுதாக்கா?"

லீலாக்கா தலையத் திருப்பி என் மொகத்தையே பாக்காங்க.

"எங்க சிஸ்டர்! பச்சத்தண்ணி கூட இறங்காது."

டப்.

"சாப்பிட்டதெல்லாம் வாந்தியா வந்துடுதா?"

"எல்லாத்தையும் துப்பிருவான். ஒரு பருக்கை உள்ள நிக்காது."

டப்.

"ரொம்பச் சோர்வா, மயக்கமா இருக்கானா?"

"எப்பவும் வாடித்தான் கெடப்பான். தலையே நிக்காது."

"ச்சொ, ச்சொ"ன்னாங்க லீலாக்கா. ஆகா, நல்லா போவுதுன்னு நெனச்சேன்.

டப்.

டேப்லெட் ஆம்புலன்ஸ் மாதிரி கத்துச்சு! பிள்ளைகள் எல்லாம் பயந்து அழுதுச்சு. திரை முழுசும் சிவப்பு. சிஸ்டர் மொகம் வெளுத்துப் போச்சு.

"கடும் அபாயம். ஊசி போடக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு வருதுக்கா. ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

ஆம்புலன்ஸா! நான் மீன வெளிய வச்சுட்டுல்லா வந்திருக்கேன்!

லீலாக்கா இருக்கும்போது 'சும்மா சொன்னேன்'னு சொல்ல முடியுமா? அதனால சிஸ்டருக்கு மட்டும் தெரியுத மாதிரி கண்ணக் காட்டுனேன். புருவத்த ஏத்துனேன், எறக்குனேன், தலைய லேசா ஆட்டுனேன்.

"அக்கா, உங்களுக்கும் மயக்கமா வருதா?"ன்னு சிஸ்டர் தண்ணி கொண்டு வந்துட்டாங்க.

இந்த வெப்ராளத்துல பிள்ளைய மறந்துட்டேன். பச்சத்தண்ணி இறங்காத பிள்ளை எங்கன்னு தேடுனா, பெஞ்சுக்கடியில இருக்கான். லீலாக்கா துணிப்பைக்குள்ள ஒரு கை. வாயி நெறைய ஏத்தவாழைக்கா சிப்ஸ். மறு கையிலயும் சிப்ஸ்.

சிஸ்டர் குனிஞ்சு பாத்தாங்க. "அக்கா... இவன் சாப்பிடறானே?"

"இண்ணைக்குத்தான் சிஸ்டர் முதல் தடவை!"

வாயில வந்தத சொல்லிட்டேன். என்னால வேற என்ன செய்ய முடியும், சொல்லுங்க?

"திங்கட்டும் மக்கா"ன்னாங்க லீலாக்கா. "பேத்திக்கு வேற வாங்கிக்கிடலாம். அவன் மொதல்ல திங்கட்டும், பாவம்."

சிஸ்டர் கையப் பிசைஞ்சாங்க. "கண்ணால பாத்தா நல்லாத்தான் இருக்கான். ஆனா சிவப்பு வந்துட்டா நானா மாத்த முடியாதுக்கா. டாக்டர்தான் எடுக்கணும். அப்புறம், மெசேஜ் வேற போயிருக்கும்."

"என்ன மெசேஜு? யாருக்கு?"

"நீங்க பதிஞ்சு வச்சிருக்கற நம்பருக்கு. வாட்ஸாப்புல தானாப் போயிடும்."

நான் பதிஞ்சு வச்சது எங்க அத்தான் நம்பரு.

அத்தான்னா எம்மாப்பிள்ளை. மஸ்கட்டுல ஏசி மெக்கானிக். பிள்ளை தவழுததுக்கு முன்னாலயே போனவரு. அவன் நிண்ணது, நடந்தது, விழுந்தது எல்லாம் போன்லதான் பாத்திருக்காரு. கம்பெனி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு குடுக்கும். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வரணும்னு அந்த லீவத்தான் பொத்திப் பொத்தி வச்சிருக்காரு. வீட்டு வாசல்ல அவரு கையால ஸ்டார் கட்டணும்னு நானும் பழைய ஸ்டார இன்னும் கடாசாம வச்சிருக்கேன்.

போன் அடிச்சுச்சு.

"ஏட்டி! பிள்ளைக்கு என்னட்டி?"

நான் மூலையில போயி வாயப் பொத்திக்கிட்டு, "ஒண்ணும் இல்ல அத்தான். நல்லா இருக்கான்"ன்னேன்.

"பொய் சொல்லாத! கடும் அபாயம்னு வந்திருக்கு. சாப்பிட முடியல்ல, மயக்கம்னு போட்டிருக்கு!"

"அது நான் சும்மா..."

"எது சும்மா? போன ஞாயித்துக்கிழமை என்ன சொன்ன? ஒண்ணும் திங்க மாட்டுக்கான்னு சொன்னியா இல்லியா? அதுக்கு முந்தின வாரமும் சொன்ன. நாந்தான் மக்கா இவ்வளவு பெருசுன்னு நெனைக்கல்ல."

நெசந்தான். அவரு கேக்கும்போதெல்லாம் அதான் சொல்லியிருக்கேன். போன்ல பேசுனா அக்கம்பக்கத்துக்குக் கேக்காதா? மனுஷன் அத நம்பி, ஊருக்கு வாற ஆளுக கையில எல்லாம் பால்பொடி, ஈத்தப்பழம், பாதாம்னு குடுத்து விட்டாரு. அதுல பாதி யாரு வயித்துக்குள்ள போச்சுங்கது இங்க பேச்சில்ல.

"அத்தான், வீடியோ போடுதேன். நீங்களே பாருங்க."

பையன் பக்கமாப் போனைத் திருப்புனேன். அந்நேரம் பாத்து சிஸ்டர் அவன் கையில இருந்த சிப்ஸப் புடுங்கியிருக்காங்க. அவன் தொண்டை கிழியக் கத்துதான். கண்ணுல எழுதுன மை கரைஞ்சு, கன்னம் வரைக்கும் கறுப்பா எறங்கி நிக்கு.

"ஐயோ! கண்ணு குழி விழுந்து போச்சேட்டி!"

"அது மை அத்தான்!"

"ஒண்ணும் பேசாத. சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். எமர்ஜென்சி லீவு தாரேன்னுட்டாரு. ஆபீஸ்ல டிக்கெட்டு பாக்காங்க."

"அப்பம் கிறிஸ்மஸு?"

"பிள்ளையா கிறிஸ்மஸாட்டி?"

அந்தக் குரலு நடுங்கிச்சு. எனக்கு அதுவரைக்கும் இருந்த வெளையாட்டு எல்லாம் போச்சு. மனுஷன் அங்க ஏதோ ஒரு கட்டடத்து மொட்டை மாடியில ஏணியில நிண்ணுகிட்டு அழுதுருவாரு போல இருக்கு.

"அத்தான், சத்தியமா பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

"நீ சொன்னா நம்ப மாட்டேன். அந்த மெஷினு சொல்லட்டும். செரியாயிட்டுன்னு அதுல வரட்டும். அப்பந்தான் டிக்கெட்ட நிறுத்துவேன்."

வச்சுட்டாரு.

தாலி கட்டுன பொஞ்சாதி சொல்ல நம்ப மாட்டாராம், மெஷின நம்புவாராம்! கோவம் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா அந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்.

"சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க!"

சிஸ்டர் கூப்பிட்டாங்க. உள்ள சிக்னல் இல்ல. கொல்லாமரத்தடிக்குப் போனாத்தான் கிட்டும். அங்கதான் ஊர்ப் பொம்பளைங்க மொத்தமும் இருக்காங்க. நாங்க போனதும் எல்லாரும் சுத்தி நிண்ணுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகப்போற பிள்ளையாச்சே! லீலாக்காவும் பேத்திய இடுப்புல வச்சுக்கிட்டு எனக்கு நேர் எதுக்க வந்து நிண்ணாங்க, ஆறுதல் சொல்லுததுக்கு.

சிஸ்டர் போன ஸ்பீக்கர்ல போட்டாங்க. அந்தப் பக்கம் டாக்டரம்மா.

"பையனோட அம்மாவா? சொல்லுங்கம்மா. நல்லா சாப்பிடறானா?"

"சாப்பிடுவான் டாக்டர்"ன்னு உதட்டுக்குள்ள சொன்னேன்.

"கேக்கலம்மா. சத்தமா."

லீலாக்காவப் பாத்தேன். மஸ்கட்ட நெனச்சேன். திரும்ப லீலாக்காவப் பாத்தேன்.

லீலாக்கா என்னையே உத்துப் பாத்தாங்க. மொகம் மாறிச்சு.

"ஏட்டி... நான் நிக்கதுனாலயா?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

"அப்பம் பச்சத்தண்ணி இறங்கல்லன்னதும் எனக்குப் பயந்துதானா?" பேத்தியத் தூக்கி மறு இடுப்புல வச்சாங்க. "போ மக்கா. ஊரு என்ன பேசுதுன்னு எனக்குத் தெரியாதா? எம்பேத்திக்கே நான் தலையக் குனிஞ்சுட்டுத்தான் சோறு ஊட்டுதேன்."

சொல்லிட்டு, பேத்தியப் பக்கத்துல நிண்ணவ கையில குடுத்தாங்க. முந்தானைய எடுத்து மொகத்தோட சேத்து மூடுனாங்க. கொல்லாமரத்தப் பாக்கத் திரும்பி நிண்ணுக்கிட்டாங்க.

"நான் அங்கோட்டு திரும்பிட்டேன். நீ கத்து. மாப்பிள்ளை போன்ல பேசுனது எனக்கும் கேட்டுச்சு, அவரு லீவக் கெடுத்துராத."

கத்துனேன்.

"நல்லா சாப்பிடுவான் டாக்டர்!"

கூட்டத்துல 'ஹா'ன்னு ஒரு சத்தம். ஒருத்தி நெஞ்சுல கைய வச்சுட்டா. எங்க ஊர்ல ஒரு தாயி இப்பிடிப் பேசி அவ கேட்டதே இல்ல.

"காலையில என்ன சாப்பிட்டான்?"

"ரெண்டு இட்டிலி!"

"ரெண்டுதானா?"

"நாலு!"

"வேற?"

"ஒரு அவிச்ச முட்டை! ஒரு ஏத்தம்பழம்! அப்புறம் எனக்குன்னு எடுத்து வச்சிருந்த புட்டு!"

"எம்மாடி!"ன்னு மரத்துப் பக்கம் இருந்து ஒரு குரல்.

"எக்கா! திரும்பக் கூடாது!"

"திரும்பல்லட்டி. காதையும் மூடணும்னா மொதல்லயே சொல்லணும்."

டாக்டரம்மா விடல்ல. "வாந்தி எடுக்கறானா?"

"உள்ள போனது எதையும் வெளிய விட மாட்டான் டாக்டர்!"

"சோர்வா இருக்கானா?"

"சப்சென்டர் பின்னால ஒரு கோழிய வெரட்டிக்கிட்டு ஓடுதான் டாக்டர். கோழிதான் சோர்ந்து போயிருக்கு!"

போன்ல 'களுக்'னு ஒரு சத்தம். சிக்னல் போச்சோன்னு பாத்தேன்.

"அப்புறம் ஏம்மா முதல்ல அப்படிச் சொன்னீங்க?"

படிச்ச டாக்டர்ட்ட என்ன சொல்ல? "பழக்கம் டாக்டர்"ன்னேன்.

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "எங்க அம்மாவும் என்னைப் பத்தி இப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. கலைவாணி, நான் சிவப்ப எடுத்து விடறேன். முதல்ல இருந்து கேளுங்க. அம்மா, இந்தத் தடவை உண்மைய மட்டும் சொல்லுங்க."

திரும்பக் கேட்டாங்க. சர்ச்சுல சாட்சி சொல்லுத மாதிரி எல்லாத்துக்கும் உண்மையச் சொன்னேன். டப், டப், டப். டேப்லெட் கொஞ்சம் யோசிச்சுச்சு. பச்சை வரும்னு பாத்துட்டே நிக்கேன்.

மஞ்சள்!

"என்ன சிஸ்டர்?"

"வயசுக்கு மீறின எடைன்னு வருதுக்கா."

அறிவுரை ஒவ்வொண்ணா வாசிச்சு முடிச்சாத்தான் அது அடுத்த பக்கம் போகுமாம். சிஸ்டர் அந்தக் கணீர்க் குரல்ல ஊருக்கே வாசிச்சாங்க. இனிப்பக் கொறைக்கணும். பொரிச்ச பண்டம் ஆகாது. பாக்கெட்டுல வாற சிப்ஸ் ஆகவே ஆகாது.

"அது என் பாக்கெட்டு!"ன்னாங்க லீலாக்கா, மரத்தப் பாத்துக்கிட்டே.

ஒரு வழியா ஊசி போட்டாச்சு. அவன் கத்துன கத்துல அந்தக் கோழி காம்பவுண்டு சொவரத் தாண்டிருச்சு.

மஸ்கட்டுக்கு ரெண்டாவது மெசேஜும் போயிருக்கு. போன் அடிச்சுச்சு. எடுத்தா, பின்னால நாலஞ்சு பேரு சிரிக்க சத்தம்.

"ஏட்டி..."

"சொல்லுங்க அத்தான்."

"இப்பந்தான பச்சத்தண்ணி இறங்கல்லன்ன? அதுக்குள்ள எடை கூடிப்போச்சு, தீனியக் கொறைங்கன்னு வந்திருக்கு. இந்தக் கொஞ்ச நேரத்துல அப்பிடி என்னத்தட்டி குடுத்த?"

டிக்கெட்ட நிறுத்தியாச்சாம். சூப்பர்வைசர்ட்ட ரெண்டு மெசேஜையும் காட்டியிருக்காரு. அவரு வாசிச்சுட்டு, "டிசம்பர்லயே போப்பா. போயி பிள்ளையத் தூக்கணும்லா, இப்பவே ஜிம்முல சேந்துரு"ன்னாராம்.

நான் கெளம்பும்போது பாத்தா, சிஸ்டர் ஒரு ஸ்டூல எடுத்துட்டு வந்து சொவரப் பாத்துப் போட்டிருக்காங்க. அதுல லீலாக்கா, முந்தானையால மொகத்த மூடிக்கிட்டு மகாராணி மாதிரி இருக்காங்க. ஒவ்வொரு தாயா உள்ள போயி, "நல்லா சாப்பிடுவான் சிஸ்டர்", "நல்லா சாப்பிடுவா சிஸ்டர்"னு சொல்லிட்டு வாறாளுக. ஒவ்வொருத்தி முடிச்சதும் லீலாக்கா கேப்பாங்க: "முடிஞ்சா? திரும்பலாமா?"

உள்ளி வாங்க மறந்துட்டேன். வீட்டுக்கு வந்தா மீன பூனை முடிச்சிருந்துச்சு.

சாயங்காலம் பையனுக்கு ஊசிக் காச்சல். சிஸ்டர் குடுத்த மருந்த ஊத்துனேன். இட்டிலி குடுத்தேன், மொகத்தத் திருப்பிக்கிட்டான். ஏத்தம்பழத்தத் தட்டி விட்டான். புட்டப் பாக்கக்கூட இல்ல.

வேலிக்கு அங்கோட்டு லீலாக்கா. "பிள்ளை என்னட்டி செய்யுதான்?"

"எக்கா, ஒண்ணும் திங்கல்லக்கா."

"செரிட்டி, செரிட்டி"ன்னு சிரிச்சுக்கிட்டே முந்தானைய எடுத்து மொகத்த மூடிக்கிட்டாங்க.

அத்தான்ட்ட சொன்னேன். "போட்டி அங்கோட்டு!"ன்னாரு.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். "அக்கா, மறுபடியுமா?"ன்னாங்க.

வாழ்க்கையில முதல் தடவையா எம்பிள்ளை நெசமாவே ஒண்ணும் திங்கல்ல, ஒரு ஆளு நம்பணுமே!